எனக்குச் சொல்லப்படவில்லை

2023 ஜனவரி 12ஆம் திகதி, ஏழு நீதியரசர்களைக் கொண்ட உயர் நீதிமன்ற ஆயம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றி முன்கூட்டியே அரசின் கைக்கு வந்த புலனாய்வுத் தகவலை வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டமைக்கான நட்டஈடு அது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அந்த மன்னிப்பில் ஓர் ஒட்டு இருந்தது. தமக்குத் தெரியாமல் மற்றவர்கள் செய்த காரியத்துக்காகவே தாம் மன்னிப்புக் கோருவதாகச் சொன்னார்.

அந்த ஒட்டுத்தான் என்னை இதை எழுத வைத்தது. ஒருவர் தமக்குத் தெரியாத ஒன்றுக்காகக் குற்றம் சுமக்க வேண்டுமா? நமது அன்றாட நியாய உணர்வு வேண்டாம் என்றே சொல்லும். வகுப்பில் வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளை எழுந்து நின்று, "சேர், நான் அண்டைக்கு வரல்ல, எனக்கு ஒருத்தரும் செல்லல்ல" என்றால் எந்த ஆசிரியரும் பிரம்பைக் கீழே வைத்துவிடுவார். தெரியாமல் செய்தவனும் தெரிந்து செய்தவனும் ஒன்றல்ல என்பது மனிதர்கள் மிகப் பழைய காலந்தொட்டு ஏற்றுக்கொண்ட ஒரு வேறுபாடு. இதைத் தள்ளிவிட்டு நீதி பேச முடியாது. எனினும் அதே சொல் ஒரு நாட்டின் தலைவர் வாயிலிருந்து வரும்போது நமது காதில் வேறு விதமாக விழுகிறது. ஏன் அப்படி விழுகிறது என்பதை உணர்ச்சிவசப்படாமல் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியப் புலனாய்வுத் துறையிலிருந்து நமது அரச புலனாய்வுச் சேவைக்கு ஒரு தகவல் வந்தது. சஹ்ரான் ஹாசிமும் அவனது கூட்டாளிகளும் தற்கொலைத் தாக்குதல் ஒன்றுக்குத் திட்டமிடுகிறார்கள், கத்தோலிக்க தேவாலயங்களும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் இலக்காகலாம் என்பது அதன் சாரம். இப்படி ஆளின் பெயரும் இலக்கின் வகையும் சேர்ந்து வரும் எச்சரிக்கை புலனாய்வு உலகில் அடிக்கடி கிடைப்பதல்ல. அத்தகவல் அரச புலனாய்வுச் சேவையிலிருந்து தேசிய புலனாய்வுப் பிரதானியிடம் போனது. அங்கிருந்து 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்குக் கடிதமாகச் சென்றது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையொப்பத்துடன் மீண்டும் ஒரு கடிதமாகப் புறப்பட்டது. 16ஆம் திகதி காத்தான்குடிக்கு அருகே பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை என்பது பின்னர் தெரிந்தது. 20ஆம் திகதியும் இந்தியாவிலிருந்து மீண்டும் எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி காலை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பதினேழு நாட்கள். அந்தப் பதினேழு நாட்களில் நாட்டின் ஜனாதிபதியும், பாதுகாப்பு அமைச்சரும், முப்படைகளின் தளபதியும், பொலிஸ் திணைக்களத்துக்குப் பொறுப்பானவரும் ஒருவரே. 16ஆம் திகதி அவர் வெளிநாடு சென்றார். திருப்பதியில் வழிபட்டுவிட்டுச் சிங்கப்பூர் போயிருந்தார். தாம் இல்லாத நாட்களுக்குப் பதில் பாதுகாப்பு அமைச்சர் ஒருவரை நியமித்துவிட்டும் போகவில்லை. தாக்குதல் நடந்தபோது அவர் சிங்கப்பூரில்தான் இருந்தார்.

அந்தத் தகவல் அவரது காதுக்கு எட்டியதா இல்லையா என்பதில் பெரிய வாதப் பிரதிவாதங்கள் நடந்துள்ளன. இந்தக் கட்டுரைக்காக அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்துக்கொண்டால்தான் கேள்வி சுவாரசியமாகிறது. எட்டியும் சும்மா இருந்தார் என்றால் அதில் யோசிக்க எதுவுமில்லை.

தெரியாமை எல்லாம் ஒரே வகை அல்ல. ஒருவனால் எவ்வளவு முயன்றும் அறிய முடியாதிருந்தது ஒன்று. நடு இரவில் இடி விழப்போகிறது என்பதை யாரும் அறியார். அறிந்தவர் சொல்லாததால் அறியாதிருந்தது இன்னொன்று. சிறிசேன அவர்கள் தம்மை இதற்குள்தான் வைத்தார். மூன்றாவது ஒன்றும் உண்டு. சொல்ல வேண்டியவர் வந்து சொல்லக்கூடிய வழியைத் தானே அடைத்துவிட்டு, பிறகு ஒருவரும் சொல்லவில்லை என்பது. வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவன், என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை என்று குறைபட்டால் நாம் என்ன சொல்வோம்?

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கினார். நீதிமன்றத் தீர்ப்புகளின் பின் டிசம்பரில் அவரையே மீண்டும் நியமிக்க வேண்டி வந்தது. ஆனால் மனம் ஒட்டவில்லை. தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. பொலிஸ் மா அதிபரும் அழைக்கப்படவில்லை. சபை ஒழுங்காகக் கூட்டப்படவுமில்லை. இவையெல்லாம் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன்னாலும் பின்னர் நீதிமன்றத்திலும் வெளிவந்த விடயங்கள். நாட்டின் பொலிஸுக்குத் தலைவர் பாதுகாப்புச் சபையில் இல்லை என்பதை ஒரு நிமிடம் நிதானித்து யோசித்துப் பாருங்கள். எங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கூட, அதிபருக்கும் உப அதிபருக்கும் பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும், மாணவர் வரவுப் புத்தகம் இருவர் மேசைக்கும் போய்த்தான் தீரும்.

ஆகவே அந்தத் தெரியாமை தானாக வானத்திலிருந்து விழவில்லை. அது கட்டப்பட்டது. அதைக் கட்டுவதற்கு அவருக்குப் பல மாதங்கள் எடுத்தன. 2019 ஏப்ரல் 21ஆம் திகதியன்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் 2018 ஒக்டோபருக்குப் பின் எந்த எந்தக் கதவுகளைத் தாம் மூடினோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். குற்றத்தைத் தேட வேண்டிய இடம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அல்ல, அதற்கு முந்திய ஆறு மாதங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வள்ளுவர் இந்த விடயத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஒற்றாடல், பொருட்பாலில் 59ஆவது அதிகாரம். பாடசாலையில் அதை நாம் பெரும்பாலும் படிப்பிப்பதில்லை. அன்புடைமை, இனியவை கூறல் என்று போய்விடுகிறோம். ஆனால் ஆட்சி பற்றிச் சிந்திப்பவர் வாசிக்க வேண்டிய அதிகாரம் அது. ஒற்றரும் நூலும் அரசனின் இரண்டு கண்கள் என்று தொடங்குகிறார். எல்லோருக்கும் நிகழ்வதெல்லாவற்றையும் எப்போதும் விரைந்து அறிவது வேந்தனுடைய தொழில் என்கிறார் அடுத்து. இங்கே தொழில் என்ற சொல்லைக் கவனியுங்கள். அறிதலை அரசனுக்குரிய ஒரு சிறப்பாகவோ சாமர்த்தியமாகவோ அவர் சொல்லவில்லை. தச்சனுக்கு மரவேலை போல அது அவனது வேலை. அப்படியானால் தெரியாது என்று அரசன் சொல்வது, மரம் சீவத் தெரியாது என்று தச்சன் சொல்வதற்குச் சமம். பிள்ளை "எனக்குச் செல்லல்ல" என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்கிறோம், ஏனெனில் அறிவிப்பைச் சேகரித்துக்கொண்டு திரிவது பிள்ளையின் பொறுப்பல்ல, சொல்வது நமது பொறுப்பு. நாட்டின் தலைவர் விடயத்தில் பொறுப்பு மறுபக்கமாகத் திரும்புகிறது. அவருக்குச் சொல்லப்படவில்லை என்றால், சொல்லப்படும்படி ஏன் செய்யவில்லை என்ற கேள்வியும் அவரிடமே வந்து நிற்கிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. நடந்து முடிந்தபின் எல்லோரும் ஞானிகள். புலனாய்வுத் துறைக்கு வரும் எச்சரிக்கைகள் ஒன்றிரண்டல்ல. அவற்றில் பெரும்பாலானவை பொய்யாகவோ அரைகுறையாகவோ முடிகின்றன. வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு தேவாலயத்தையும் மூடினால் நாடு இயங்குமா? பின்னர் உண்மையாகிப்போன ஒரு கடிதத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, இதை ஏன் நம்பவில்லை என்று கேட்பது, விடைத்தாளை வைத்துக்கொண்டு மாணவனின் தவறைத் தேடுவது போல.

இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். கடிதத்தை நம்பாதிருந்ததற்காக ஒருவரைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் நம்புவதற்கும் நம்பாதிருப்பதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. வாசித்து, இன்னொரு வழியில் சரிபார்த்து, உரியவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வருவது. வள்ளுவரும் இதைச் சொல்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனால் ஒப்பிட்டுக் கொள்ள வேண்டும் என்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க அப்போது எவ்வளவோ இருந்தன. 2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடியில் சஹ்ரானின் ஆட்கள் வாளெடுத்து மற்றத் தரப்பு முஸ்லிம்களைத் தாக்கிய சம்பவத்தின் பின், அந்த ஊர் மக்களே அவனுக்கெதிராகப் பொலிஸில் முறையிட்டார்கள். அவன் தலைமறைவானான். 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டனர். டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் பெருந்தொகை வெடிபொருட்கள் பிடிபட்டன. இவ்வளவும் மேசையில் இருக்க ஏப்ரல் 4ஆம் திகதிக் கடிதமும் வந்து அதன்மேல் விழுந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் சொல் தானாக அமைந்திருக்கும்.

வவுணதீவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அந்தக் கொலைகளுக்காகப் பிடிக்கப்பட்டவர் முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர். செய்தவர்கள் சஹ்ரானின் ஆட்கள் என்பது தேவாலயங்கள் வெடித்த பின்னரே தெரியவந்தது. அதுவரை அந்த அப்பாவி உள்ளே இருந்தார். அசிரத்தையான வாசிப்பு இரண்டு விதமாக ஆளைக் கொல்லும் என்பதற்கு இது ஒரு சிறிய உதாரணம். குற்றவாளியை வெளியே விட்டுவைக்கும், குற்றமற்றவனை உள்ளே போடும்.

இரகசியத் தகவலைத் தலைவர்கள் அசட்டை செய்வது என்றால் உலகம் வழக்கமாக நினைப்பது வேறொன்றை. வாய் தவறிச் சொல்லிவிடுவது. 2017 மே 10ஆம் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் தமது அலுவலகத்திலேயே ரஷ்ய வெளிவிவகார அமைச்சர் லாவ்ரோவிடமும் தூதுவர் கிஸ்லியாக்கிடமும், ஐ.எஸ். இயக்கம் மடிக்கணினிகளை விமானங்களுக்குள் கொண்டுபோய் வெடிக்க வைக்கத் திட்டமிடுவது பற்றிய மிக இரகசியமான தகவலைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். அந்தத் தகவல் அமெரிக்காவுடையதல்ல, ஒரு நேச நாடு நம்பிக் கொடுத்தது. ஐந்து நாட்களில் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அதை வெளியிட்டது. மறுநாள் ட்ரம்ப், அதைச் சொல்லத் தமக்குப் பூரண உரிமை உண்டு என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னது பெரும்பாலும் சரி, அமெரிக்க ஜனாதிபதி விரும்பினால் இரகசியத்தை இரகசியமல்ல என்று ஆக்கலாம். ஆனால் அமானிதமாகத் தந்த பொருளைத் திறந்து காட்டச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது, தந்தவருக்குச் சொல்லும் பதிலா?

அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரும் ஒன்று நடந்தது. 1927 மே மாதம் பிரித்தானியப் பிரதமர் போல்ட்வின், சோவியத் அரசுடன் உறவை முறிப்பதை நியாயப்படுத்துவதற்காக, தமது உளவுத்துறை குறிவிலக்கி எடுத்த சோவியத் தந்திகளைப் பாராளுமன்றத்திலேயே வாசித்துக் காட்டினார். வாதத்தில் வென்றார். தங்கள் தந்திகள் வாசிக்கப்படுகின்றன என்று அறிந்த மொஸ்கோ, உடைக்க முடியாத குறிமுறைக்கு மாறிவிட்டது. உளவு வேலையைப் பிறர் அறியச் சிறப்பிக்கக் கூடாது, சிறப்பித்தால் மறையைத் தானே வெளியிட்டதாகும் என்று வள்ளுவர் அதே அதிகாரத்தை முடித்திருப்பது இந்த இருவருக்கும் பொருந்தும்.

நமது நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இங்கே ஒருவரும் வாய் தவறவில்லை. இரகசியம் மிகக் கவனமாகக் காக்கப்பட்டது, காக்கப்பட வேண்டியவர்களிடமிருந்தே. மேலே சொன்ன ஏப்ரல் 11ஆம் திகதிக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். அது யாருக்கு முகவரியிடப்பட்டது? அமைச்சர்கள், நீதிபதிகள், தூதரகங்கள், முன்னாள் ஜனாதிபதிகள் போன்றோரின் பாதுகாப்புக்குப் பொறுப்பான பொலிஸ் பிரிவுகளுக்கு. நீர்கொழும்புப் பொலிஸ் நிலையத்துக்கல்ல, எந்தத் தேவாலயத்தின் பங்குத் தந்தைக்குமல்ல. தாக்குதல் நடந்த அன்றே அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ அக்கடிதத்தைப் பகிரங்கப்படுத்தினார். பெரிய தேவாலயங்களுக்குப் போக வேண்டாம் என்று தமது தந்தை தம்மை எச்சரித்திருந்ததாகவும் சொன்னார். தமது மெய்ப்பாதுகாவலர்களுக்கு எச்சரிக்கை வந்திருந்ததாக அமைச்சர் மனோ கணேசனும் கூறினார். இவர்கள் சொல்லாமல் விட்டிருந்தால் இதுவும் நமக்குத் தெரிய வந்திராது, ஆகையால் இவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அந்தத் தகவல் நாட்டுக்குள் ஓடிய வழியைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. ஓர் அமைச்சரின் தகப்பனார் வரை அது வந்து சேர்ந்திருக்கிறது. கட்டுவாப்பிட்டியில் பிள்ளைகளுக்குப் புது உடுப்புப் போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போன தகப்பன்மாருக்கு வரவில்லை.

இங்கேதான் இது வெறும் நிர்வாகக் குறைபாடு என்ற நிலையைத் தாண்டுகிறது என்று நினைக்கிறேன். ஓர் ஆபத்தைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம்? அதைச் சேகரித்த திணைக்களத்துக்கா, அல்லது அந்த ஆபத்தில் அகப்படப் போகிறவனுக்கா? மூலத்தைக் காக்க இரகசியம் தேவை என்பதை மறுக்க முடியாது. ஒற்றனின் பெயரை யாரும் கேட்கவில்லை. இந்த ஞாயிறு கொஞ்சம் கவனமாக இருங்கள் என்று சொல்ல எந்த ஒற்றனின் பெயரும் தேவையில்லை. கண்டி வீதியில் மண்சரிவு அபாயம் என்று சொல்லும்போது மண் பரிசோதனை அறிக்கையையா வாசித்துக் காட்டுகிறோம்?

விலை கொடுத்தவர்களில் முதலாமவர்கள் அந்த ஆலயங்களில் இருந்தவர்களும் அவர்களது வீட்டாரும். அதை எதனோடும் ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. அடுத்த விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2019 மே 13ஆம் திகதி குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொடைப் பக்கங்களில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் தமது வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட உடை உடுத்தியிருந்ததற்காகக் கைதானார். அது தர்மச்சக்கரம் என்று பொலிஸார் எண்ணிக்கொண்டார்கள். ஆளின் பெயர் எழுதிய கடிதத்தை வாசிக்காத அதே இயந்திரம், ஓர் உடையின் படத்தை இவ்வளவு கூர்ந்து வாசிக்கப் புறப்பட்டது.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. கவிஞர் அஹ்னாப் ஜஸீம், ஓர் ஆசிரியர். 2017இல் வெளிவந்த அவரது ‘நவரசம்’ கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்று சொல்லி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். வன்முறைக்கும் போருக்கும் எதிராக எழுதப்பட்ட வரிகள் அந்நூலில் இருந்தன. தமிழ்க் கவிதையை விளங்காதவர்களின் கையில் அவை தலைகீழாகிப் போயின. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஓர் இளம் கவிஞர் தடுப்பில் இருந்தது, அரசுக்கு வாசிக்கத் தெரியாததால். காத்தான்குடி மக்கள் 2017இல் எழுதிக் கொடுத்த முறைப்பாடுகளும் தமிழில்தான் இருந்திருக்கும். தமிழில் வந்த எச்சரிக்கை வாசிக்கப்படவில்லை, தமிழில் வந்த கவிதை வாசிக்கப்பட்டது! இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிப்பது கூடுதலான கவனம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது கவனமின்மையின் இன்னொரு வேஷம். குறிப்பிட்ட ஆளைக் குறிப்பிட்ட ஆதாரத்தோடு தேடுவது களைப்பான வேலை. கோவைகள் புரட்ட வேண்டும், எதிரிக் கட்சிப் பிரதமரோடும் ஒரே மேசையில் அமர வேண்டும். உடுப்பையும் தாடியையும் பார்த்துப் பிடிப்பதற்கு இவை எதுவும் தேவையில்லை. தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26ஆம் திகதி, சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பத்தாரும் கூட்டாளிகளும் தங்கியிருந்த வீடு கண்டுபிடிக்கப்பட்டது. புதிதாக வந்திருந்தவர்கள் மீது சந்தேகம் கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பதினேழு நாட்களும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இனி நீதிமன்றங்களுக்கு வருவோம். முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ மீதும் முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர மீதும் சட்டமா அதிபர் தலா 855 குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார். 2022 பெப்ரவரி 18ஆம் திகதி மேல் நீதிமன்றத்தின் மூவர் கொண்ட ஆயம், எதிர்த்தரப்பை அழைக்காமலேயே இருவரையும் விடுதலை செய்தது. ஓராண்டு கூட ஆகவில்லை, அதே இருவரும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. பூஜித்துக்கும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தனவுக்கும் தலா ஏழரைக் கோடி, ஹேமசிறிக்கு ஐந்து கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸுக்கு ஒரு கோடி. ரணில் விக்கிரமசிங்க அப்போது ஜனாதிபதியாகிவிட்டிருந்ததால், விடுபாட்டு உரிமையின் கீழ் 2022 செப்டெம்பரிலேயே மனுக்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். (பதவி ஒருவரைக் காத்தது, பதவி இழந்ததால் மற்றவர் அகப்பட்டார். இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

இந்த இரண்டு தீர்ப்புகளும் முரண்படுவதாகப் பலர் பேசினார்கள். நான் அப்படிக் காணவில்லை. குற்றவியல் நீதிமன்றம் கேட்பது, இவன் இந்தக் கொலைகளுக்கு உடந்தையா என்று. அடிப்படை உரிமை மனுவில் கேட்கப்படுவது, குடிமகனுக்கு நீ கடமைப்பட்டிருந்ததைச் செய்தாயா என்று. சட்டத்தின் முன் சமத்துவமும் வழிபாட்டுச் சுதந்திரமும் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் கண்டது. கொலைகாரன் அல்லாத ஒருவரும் கடமை தவறியவராக இருக்கலாம். நமது பேச்சு வழக்கில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கொலைகாரன் இல்லையென்றால் சுத்தம் என்கிறோம், சுத்தமில்லையென்றால் கொலைகாரன் என்கிறோம். இடையில் இருக்கும் பெரிய நிலப்பரப்பில்தான் ஆட்சியாளர்களின் பெரும்பாலான பாவங்கள் கிடக்கின்றன.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவனுக்கும் தெரியாது. பொற்கொல்லன் வந்து சொன்னான், அவன் விசாரியாமல் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, எனக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்று அவன் சொல்லியிருந்தால் அது முழு உண்மையாக இருந்திருக்கும். குற்றத்தைப் பொற்கொல்லன் மேல் போட்டு, ஒரு விசாரணைக் குழுவையும் அமைத்திருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. தான் விசாரிக்கவில்லை என்பதையே தனது குற்றமாக எடுத்துக்கொண்டான், அந்த இடத்திலேயே வீழ்ந்தான். காவியத்தில் நடப்பதை நடைமுறை அரசியலில் எதிர்பார்க்கக் கூடாதுதான். யாரும் அரியணையிலிருந்து விழுந்து சாக வேண்டாம். ஆனால் பிழையை எங்கே வைத்துப் பார்ப்பது என்ற ஒன்றில் மட்டும் அந்தப் பழைய அரசனிடம் கற்க இருக்கிறது.

நமது ஜனாதிபதி வேறு வழியில் போனார். தெரிவுக்குழு விசாரணை தொடங்கி அதிகாரிகள் ஒவ்வொருவராகச் சாட்சியமளித்தபோது அவர் அதை எதிர்த்தார். புலனாய்வு அதிகாரிகளைப் பகிரங்கமாக விசாரிப்பது நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றார். சாட்சியமளித்த சிசிர மெண்டிஸ் 2019 ஜூன் மாதம் பதவியிழந்தார். ஏப்ரல் மாதம் முழுவதும் கவனிப்பாரற்றுக் கிடந்த இரகசியத்துக்கு மே மாதத்தில் திடீரென்று இவ்வளவு மதிப்பு வந்தது. ஓர் இரகசியம் மக்களைக் காக்கவா அல்லது அதை வைத்திருப்பவரைக் காக்கவா வைக்கப்படுகிறது என்று அறிய வேண்டுமானால், அது எந்த மாதத்தில் முக்கியமாகிறது என்று பார்த்தால் போதும்.

நட்டஈட்டுப் பணத்தில் ஒன்றரைக் கோடியை அவர் 2023 நடுப்பகுதியில் செலுத்தினார். மிகுதியைப் பல ஆண்டுத் தவணைகளில் செலுத்த அவகாசம் கேட்டார். 2024 ஆகஸ்டில் முழுத் தொகையும் செலுத்தி முடிக்கப்பட்டது. நிலந்த ஜயவர்தன 2025 ஜூலையில் பொலிஸ் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். தமக்குத் தெரியாமல் என்ற அந்தச் சொல்லை மட்டும் சிறிசேன அவர்கள் திரும்பப் பெற்றதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.